வேலை நம்மை என்ன செய்கிறது? பணியிட நலன் ஆய்வுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

இத்தாலியின் மோடெனா நகரில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஒருநாள் அவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய ஒரு தொழிலாளி வந்திருந்தார். மூச்சு வாங்க வாங்க, தலை நிமிராமல் அவர் வேலை செய்வதைப் பார்த்து மருத்துவருக்கு இரக்கமாகிவிட்டது. ஏன் இவ்வளவு அவசரம், கொஞ்சம் நிதானமாகச் செய்தால் இப்படிக் களைத்துப்போக வேண்டாமே என்று கேட்டார். குழிக்குள் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த இடத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண்ணே போய்விட்ட மாதிரி இருக்கும், இறங்கிப் பார்க்காதவர்களுக்கு அது தெரியாது என்றார்.

ராமஸ்ஸினி அவருடைய கண்களைச் சோதித்தார். சிவந்து, மங்கிப்போயிருந்தன. அப்புறம் ஊருக்குள் கவனித்துப் பார்த்தால், பார்வை மங்கிப் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அதே தொழில் செய்தவர்கள். அந்தக் குழியிலிருந்து தொடங்கிய விசாரணை 1700-ஆம் ஆண்டில் ஒரு புத்தகமாக முடிந்தது. தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைத் தொழில்வாரியாகப் பேசிய முதல் பெரிய நூல் என்று அதைச் சொல்லலாம். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் மற்ற மருத்துவர்களுக்குச் சொல்கிறார்: என்ன வேலை செய்கிறீர்கள்?

அந்த நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அவர்களுக்கு உபாதை வரக் காரணம் மூன்று என்கிறார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே பக்கமாக ஓய்வின்றி நகர்வது, கணக்கில் தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மனத்தின் இறுக்கம். நாற்காலி, மவுஸ், டெட்லைன் என்று வாசித்துப் பாருங்கள். இறகுப் பேனாவைத் தவிர வேறெதுவும் மாறவில்லை.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அந்த அவசரம்தான். மேலே நின்று பார்ப்பவருக்கு அது தொழிலாளியின் பதற்றமாகத் தெரிகிறது. உள்ளே நிற்பவருக்கு அதுதான் தற்காப்பு. பணியிடப் பாதுகாப்பு, நலன் என்று இன்று நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி, மேலே நிற்பவரின் பார்வையிலிருந்து உள்ளே நிற்பவரின் பார்வைக்கு இறங்கி வந்த கதை. ஆளிடம் என்ன கோளாறு என்று கேட்டுத் தொடங்கிய ஆய்வுகள், வேலையில் என்ன கோளாறு என்ற கேள்வியில் வந்து நின்றிருக்கின்றன. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தத் துறையில் வரும் பாதி விஷயங்கள் தானாகவே புரியும்.

விபத்து தெரியும், நோய் தெரியாது

பணியிடப் பாதுகாப்பு என்றதும் நம் கண்முன் வருவது ஹெல்மெட். உயரத்திலிருந்து விழுவது, இயந்திரத்தில் கை மாட்டுவது, மின்சாரம் தாக்குவது இவைதான் ஆபத்து என்று நினைக்கிறோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீடு வேறு மாதிரி சொல்கிறது. வேலை காரணமாக உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 29 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். இதில் விபத்துகளால் போகிறவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர். மீதி 26 லட்சம் பேர் வேலை தந்த நோய்களால் இறக்கிறார்கள். அதாவது விபத்தில் ஒருவர் என்றால், நோயில் ஏறத்தாழ எட்டுப் பேர்.

ஏன் நமக்கு இது தெரிவதில்லை? நோய்க்குக் கால அவகாசம் அதிகம். 1775-ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். சின்னப் பையன்களாக இருக்கும்போது குறுகலான புகைபோக்கிக்குள் நுழைந்து கரியில் புரண்டவர்கள் அவர்கள். புற்றுநோய் வந்தது வளர்ந்து ஆளான பிறகு. ஒரு தொழிலில் படும் பொருளையும் புற்றுநோயையும் இணைத்துக் காட்டிய முதல் பதிவு என்று அதைக் கருதுகிறார்கள். பிற்காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்திலும் இதே கதைதான். நூலிழையை விடச் சன்னமான தூசி, வேலைக்குச் சேர்ந்து இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து நுரையீரல் உறையில் புற்றாக எழும். அதற்குள் அந்த ஆள் வேலையை விட்டிருப்பார், தொழிற்சாலையை மூடியிருப்பார்கள், சூப்பர்வைசர் யார் என்பதுகூட மறந்துபோயிருக்கும்.

விபத்து நடந்த அன்றே ரிப்போர்ட் எழுதப்படும். நோய்க்கு யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை. ஆகவே அதை ஆய்வு செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். சரி, எப்படி?

கண்டக்டரின் படிக்கட்டும் ஓட்டுநரின் கால்சட்டையும்

அடிப்படை வழி ஒன்றுதான்: ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரே மாதிரி ஆட்கள், வெவ்வேறு வேலை. யாருக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். கேட்க எளிது. இதில்தான் ஆய்வாளர்கள் காலை விடுவதும்.

புகழ்பெற்ற உதாரணம் ஒன்று. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும் லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர், கண்டக்டர் இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே வண்டி, ஏறத்தாழ ஒரே சமூகப் பின்னணி. ஒருவர் ஷிப்டு முழுக்க உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார், ஒரு நாளில் ஏறக்குறைய 600 படிகள். 1953-ல் முடிவு வெளியானது: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் அதில் இறப்பவர்கள் குறைவு. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்று உலகம் நம்பத் தொடங்கியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெரும்பாலானவர்கள் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால் அதே குழுவினர் மூன்று வருடம் கழித்து, 1956-ல் இன்னொரு கட்டுரை போட்டார்கள். சீருடை தைப்பதற்காக எடுத்த அளவுகள் நிறுவனத்திடம் இருந்தன. அதில் கால்சட்டையின் இடுப்பளவைப் பார்த்தார்கள். இளம் வயதுக்காரர்களிடையேகூட ஓட்டுநர்களின் இடுப்பு கண்டக்டர்களின் இடுப்பை விடப் பெரிதாக இருந்தது. அப்படியானால், பல வருடம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் உடம்பு போட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. கொஞ்சம் பருமனானவர்கள் ஆரம்பத்திலேயே ஓட்டுநர் வேலைக்குப் போயிருக்கலாம். தங்கள் சொந்த முடிவையே இப்படிக் குடைந்து பார்த்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரையைப் படிக்கலாம். படிக்கட்டு ஏறுவதன் நன்மை பொய்யாகிவிடவில்லை, பிற ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. ஆனால் பாடம் வேறு: வேலை ஆளை மாற்றுகிறது, அதே சமயம் ஆளும் வேலையைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டையும் பிரிப்பதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி.

இதன் இன்னொரு முகத்தை 1885-லேயே வில்லியம் ஓகிள் என்ற பிரிட்டிஷ் புள்ளிவிவர அறிஞர் கவனித்தார். கடுமையான வேலைகளில் இருப்பவர்களின் இறப்பு விகிதம் சில சமயம் குறைவாகத் தெரியும். காரணம், அந்த வேலைக்குத் திடகாத்திரமானவர்கள்தான் போகிறார்கள். உடம்பு முடியாமல் போனவர்கள் விலகிவிடுகிறார்கள். எஞ்சி நிற்பவர்களை எண்ணினால் எல்லோரும் ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்று இதற்குப் பிற்காலத்தில் பெயர் வந்தது.

ஆலைத் தூசிக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ஓர் அலுவலகத்தில் ஊழியர் நலன் சர்வே எடுக்கிறார்கள். வந்த பதில்கள் எல்லாம் திருப்தி. ஆனால் தாங்க முடியாதவர்கள் போன வருடமே ராஜினாமா செய்துவிட்டார்கள். மருத்துவ லீவில் இருப்பவருக்கு லிங்க் போகவில்லை. ரொம்ப நொந்துபோனவருக்கு அதை நிரப்ப நேரமில்லை. அந்த சர்வே அளந்தது வேலையின் தன்மையை அல்ல, அதில் தாக்குப்பிடித்தவர்களின் தெம்பை. ஓர் ஆய்வைப் படிக்கும்போது யார் பதில் சொன்னார்கள் என்பதை விட, யார் சொல்லவில்லை என்று முதலில் தேடுவது என் பழக்கமாகிவிட்டது.

எண்ணிக்கை குறைந்தால் பாதுகாப்பு கூடிவிட்டதா என்பதும் இதே ரகம்தான். 1990-களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து தரும்போது நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது தலைகீழ்: நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் தவறுகள் மேசைக்கு அடியில் போய்விட்டன. "விபத்தில்லாத 200-ஆவது நாள்" என்று வாசலில் பலகை வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால், அந்த எண்ணை பூஜ்யமாக்கப்போகிறவர் வாய் திறப்பாரா என்றுதான் எனக்குத் தோன்றும். அதுவும் அந்த எண்ணோடு போனஸ் கட்டப்பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

விமானியின் தப்பா, லீவரின் தப்பா?

1931-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஹைன்ரிக் என்பவர் தொழிற்சாலை விபத்துத் தடுப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் காப்பீட்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். காப்பீட்டுக் கோப்புகளையும் தொழிற்சாலை உரிமையாளர்கள் வைத்திருந்த பதிவுகளையும் புரட்டி, 88 சதவீத விபத்துகளுக்குத் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயல்தான் காரணம் என்றார். இந்த எண் இன்றும் பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. யோசித்துப் பாருங்கள், விபத்துக்குப் பிறகு பதிவேட்டில் எழுதுவது யார்? "தொழிலாளி கவனக்குறைவு" என்று எழுதுவது எளிது. "இயந்திரத்துக்குக் காப்புத் தகடு போட நான் மறந்தேன்" என்று யார் எழுதுவார்? அவர் பயன்படுத்திய மூலப் பதிவுகள் இன்று யாரிடமும் இல்லை, சரிபார்க்கவும் வழியில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்கிற கதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றால் தேய்ந்து நின்றன. விமானியின் தவறு என்று கோப்பில் எழுதிக்கொண்டே போனார்கள். அல்போன்ஸ் சாபனிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான லீவரும், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற தகட்டுக்கான லீவரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. களைத்துப்போன விமானி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இழுத்துவிட்டார். சாபனிஸ் சக்கர லீவரின் முனையில் சிறிய ரப்பர் சக்கரத்தைப் பொருத்தினார், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டு. தொட்டாலே தெரிந்துவிடும். அந்த வகைத் தவறு நின்றுபோனது. விமானிகளைத் திட்டியோ, "கவனம்" என்று போஸ்டர் ஒட்டியோ அது நிற்கவில்லை.

இந்த அனுபவங்களெல்லாம் திரண்டு ஒரு கருத்தாக நிற்கிறது. கட்டுப்பாடுகளின் படிநிலை என்பார்கள். பணியிடப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. சத்தத்தை வைத்து விளக்குகிறேன். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் இருக்கக்கூடிய நேரம் பாதியாகிறது என்பது பல நாட்டு நிபுணர்கள் பின்பற்றும் கணக்கு: 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. இப்போது ஒரு பட்டறையில் காதைப் பிளக்கும் இயந்திரம் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, இந்த வேலையே தேவையா, இயந்திரத்தை ஒழித்துக்கட்ட முடியுமா? முடியாதென்றால் சத்தம் குறைந்த இயந்திரத்தை வாங்கலாமா? அதுவும் இல்லையென்றால் அதைச் சுற்றி ஒரு கூண்டு கட்டி ஒலியை அடைக்கலாமா? அப்புறம்தான் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துவது, நேரத்தைக் குறைப்பது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் காதடைப்பான்.

நடைமுறையில் முதலில் வருவது எது என்று சொல்லத் தேவையில்லை. காதடைப்பான் மலிவு, உடனே கிடைக்கும், கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது ஒவ்வோர் ஆளும், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிமிடமும் சரியாகப் போட்டிருந்தால்தான் வேலை செய்யும். கூண்டு அப்படி இல்லை, யார் மறந்தாலும் அது அங்கேயே நிற்கும். படிநிலையில் மேலே போகப்போக மனித நினைவையும் ஒழுக்கத்தையும் நம்பியிருப்பது குறைகிறது.

காதடைப்பானாவது அளவோடு பயன் தரும். சில சாதனங்கள் அதுகூடத் தராது. பாரம் தூக்குகிறவர்கள் இடுப்பில் கட்டும் அகலமான பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கடைகளில் 9,377 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-ல் வெளியானது. பெல்ட் தினமும் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியிலோ, காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பெட்டியின் எடை, அடுக்கின் உயரம், தூக்கும் வேகம் எதுவும் மாறாமல் இடுப்பில் மட்டும் ஒன்றைச் சுற்றினால் வேறென்ன நடக்கும்?

பெரிய அதிகாரிக்குத்தான் மாரடைப்பு வருமா?

இதுவரை பார்த்தது உடம்பு. மனத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ஆர்வம் அதிகம்.

பொறுப்பு கூடக்கூட அழுத்தம் கூடும், அதனால் மேலதிகாரிகளுக்குத்தான் இதயநோய் என்பது ரொம்ப காலம் பொதுப்புத்தியாக இருந்தது. 1967-ல் லண்டனில் வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. ஏறக்குறைய 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, கூரைக்குக் கீழே நாற்காலி, யாரும் பரம ஏழை இல்லை. மைக்கேல் மார்மட் முதலானோர் வெளியிட்ட முடிவு பொதுப்புத்தியைக் கவிழ்த்துப் போட்டது. கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் மேலே, கீழே என்று இரண்டு கூறாக இல்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து ஒரு படி ஏறியது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் பெரும்பகுதி விளக்கப்படாமலே நின்றது.

1985-ல் 10,308 பேருடன், இந்த முறை பெண்களையும் சேர்த்து, இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். விடையின் ஒரு பெரிய துண்டு 1997-ல் கிடைத்தது: தன் வேலையின் மேல் ஒருவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது. எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது நிறுத்தி மூச்சு விடுவது என்று தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகமாக வந்தது.

இந்தச் சிந்தனைக்கு முன்பே ஒரு வரைபடம் இருந்தது. ராபர்ட் காரசெக் என்ற சமூகவியலாளர் 1979-ல் அமெரிக்க, ஸ்வீடன் தரவுகளை வைத்து வரைந்தது. இரண்டு அச்சுகள்: வேலையின் சுமை எவ்வளவு, அதன் மேல் உங்களுக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு. சுமை அதிகம், அதிகாரமும் அதிகம் என்றால் அறுவை மருத்துவர் மாதிரி. களைப்பு இருக்கும், ஆனால் கற்பதும் வளர்வதும் இருக்கும். சுமை அதிகம், அதிகாரம் இல்லை என்றால் கால் சென்டரில் திரையில் வரும் வரிகளைப் படிப்பவர் மாதிரி. எதிரே வாடிக்கையாளர் கத்துகிறார், பேசும் நேரத்தைக் கடிகாரம் எண்ணுகிறது, வாக்கியத்தை மாற்றிச் சொல்லக்கூட உரிமை இல்லை. நோய் விளைவது இந்த மூலையில்தான் என்றார் காரசெக். பின்னால் வந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: தோள் கொடுக்க சக ஊழியர்களும் மேலதிகாரியும் இருக்கிறார்களா என்பது.

ஜெர்மானிய ஆய்வாளர் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-ல் வேறொரு வாசலில் நுழைந்தார். கொடுக்கும் உழைப்புக்கும் கிடைக்கும் பலனுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வுதான் ஆளைத் தின்கிறது என்றார். பலன் என்றால் சம்பளம் மட்டுமில்லை. மரியாதை, வேலை நிரந்தரம், மேலே போகும் வாய்ப்பு எல்லாம் அதில் அடக்கம். மாடாய் உழைத்தும் மதிப்பில்லை என்று நாம் புலம்புவதைத்தான் அவர் அளவுகோலாக்கினார்.

நீண்ட நேரம் வேலை செய்வதைப் பற்றி இப்போது பெரிய அளவில் தரவு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களை விடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் இதனால் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். இரவு ஷிப்டு விஷயமும் உண்டு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-ல் அதைச் சேர்த்து, 2019-ல் மறுபடி உறுதி செய்தது.

பர்ன்அவுட் என்ற சொல் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. சோர்வு, வேலையின் மேல் கசப்பு, எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்ற எண்ணம் இந்த மூன்றும் சேர்ந்த நிலை அது. கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் அதை அளக்கும் கேள்வித்தாளை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை வரையறுத்தபோது எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் தொழில்சார் நிகழ்வு என்றது. ஆளுக்குச் சீட்டு எழுதாமல் வேலைக்குச் சீட்டு எழுதியது என்று இதை நான் படித்துக்கொள்கிறேன்.

மனத்துக்கு ஒரு மாஸ்க்

நிறுவனங்கள் இப்போது ஊழியர் நலனுக்கென்று நிறையச் செய்கின்றன. யோகா வகுப்பு, நடைப்போட்டி, தியான ஆப், அழுத்தத்தைச் சமாளிக்கப் பயிற்சி. இவை பலன் தருகின்றனவா? ஆரம்பகால ஆய்வுகள் பிரமாதமாகப் பலன் தருகின்றன என்றன. சேர்ந்தவர்கள் சேராதவர்களை விட ஆரோக்கியமாக இருந்தார்கள், லீவு குறைவு, மருத்துவச் செலவும் குறைவு. ஓட்டுநரின் கால்சட்டை ஞாபகம் வருகிறதா?

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சில ஆய்வாளர்கள் இதைச் சரியாகச் சோதித்தார்கள். ஏறக்குறைய 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் நலத் திட்டத்தில் சேரும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். 2019-ல் வந்த முடிவு: விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் பழைய முறையில் ஒப்பிட்டால் திட்டம் அமோகம். குலுக்கல்படி ஒப்பிட்டால் மருத்துவச் செலவிலோ வருகையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை. ஏற்கனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள்தான் அதிகம் சேர்ந்திருக்கிறார்கள். அதே வருடம் ஒரு கிடங்கு வணிக நிறுவனத்தின் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து நடந்த இன்னொரு குலுக்கல் முறை ஆய்வும் இதே திசையில்தான் வந்தது. சில பழக்கங்கள் கொஞ்சம் மேம்பட்டதாக ஊழியர்கள் சொன்னார்கள். ஆனால் பதினெட்டு மாதங்களில் உடல்நல அளவீடுகளோ செலவோ வருகையோ மாறவில்லை.

மனநலம் சார்ந்த திட்டங்களைப் பற்றி வில்லியம் ஃபிளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வு பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் பதில்களை அலசியது. மீள்திறன் பயிற்சி, ஆப், தியானம் என்று தனிநபரை நோக்கிய ஏற்பாடுகளில் கலந்துகொண்டவர்களின் மனநலம் கலந்துகொள்ளாதவர்களை விட மேலாக இல்லை. தன்னார்வத் தொண்டுக்கு வாய்ப்பு தந்தது மட்டும் விதிவிலக்கு. இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நேரத்தில் எடுத்த சர்வே, ஆகவே இதுவே கடைசி வார்த்தை ஆகிவிடாது. தனி ஒருவருக்கு யோகா நிம்மதி தந்தால் அதை யாரும் மறுக்கவில்லை, நீங்கள் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் படிநிலையை இங்கே வைத்துப் பாருங்கள். டார்கெட் அப்படியே, ஆள் பற்றாக்குறை அப்படியே, ராத்திரி பதினோரு மணிக்கு வரும் மெசேஜும் அப்படியே. நடுவில் ஒரு மூச்சுப் பயிற்சி. அது மனத்துக்குப் போடும் மாஸ்க். காதடைப்பானைப் போலவே மலிவு, உடனே கிடைக்கும், கொடுத்ததற்குப் பதிவும் இருக்கும்.

வேலையையே மாற்றிப் பார்த்த ஆய்வுகள் குறைவு. எந்த நிறுவனம் தன் அமைப்பைக் குலுக்கல் போட்டு மாற்ற விடும்? அரிதாக விட்ட ஒன்று உண்டு. ஃபில்லிஸ் மோன், எரின் கெல்லி முதலான அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் நடத்தியது. குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக் குழுக்களில் எங்கே, எப்போது வேலை செய்வது என்பதை ஊழியர்களே கூடிப் பேசி முடிவு செய்யலாம். எந்த மீட்டிங் தேவை, எது வெட்டி என்றும் அவர்களே பார்ப்பார்கள். ஊழியரின் வீட்டு வாழ்க்கையையும் கணக்கில் எடுக்க மேனேஜர்களுக்குப் பயிற்சி. மற்றக் குழுக்களில் எல்லாம் பழையபடி. ஒரு வருடத்தில், மாற்றம் செய்த குழுக்களில் பர்ன்அவுட் குறைந்தது, மன அழுத்தமும் குறைந்தது, வேலைத் திருப்தி கூடியது. 2016-ல் முடிவுகள் அச்சாகின.

இதற்கிடையில் அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. புதிய நிர்வாகத்துக்கு ஆட்கள் கண் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் நிம்மதி. பலன் தருகிறது என்று குலுக்கல் போட்டு நிரூபித்த அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.